எடுக்காத விரல்

பச்சைப் பட்டன் உள்ளே போனது போனதுதான். வெளியே வருகிற எண்ணமே அதற்கு இல்லை. தட்டக்கா கரண்டிக் காம்பின் முனையைப் பட்டனின் ஓரத்தில் கொடுத்து மெல்ல நெம்பினாள். கை நழுவியது. மறுபடி கொடுத்தாள். பாத்திரம் கழுவும் மிஷினுக்குள் முப்பத்தாறு சூப் கிண்ணங்கள் கவிழ்ந்து காத்திருந்தன. சுவரில் வெட்டியிருந்த ஜன்னல் வழியாக எச்சில் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து குவிந்துகொண்டே இருந்தன.

"வந்துச்சாக்கா?" என்று தொட்டிப் பக்கமிருந்து குட்டை கேட்டாள். அந்த அறையில் தட்டக்காவுக்குத் துணை அவள் ஒருத்திதான்.

"எங்க வர்றது? கோவிச்சுக்கிட்டு உள்ள போய் உக்காந்திருக்கு. கெஞ்சினாத்தான் வரும்போல."

"நான் வேணா கெஞ்சிப் பாக்கவா?"

"உன் மூஞ்சியப் பாத்தா இன்னும் உள்ள போயிடும். நீ போய் சுவிட்ச அணை."

குட்டை முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்த பெரிய சுவிட்சை அணைத்தாள். மூன்று மாதமாக இதே கூத்துதான். மின்சாரத்தை நிறுத்த வேண்டும், நூறு வரை எண்ண வேண்டும், வெதுவெதுப்பான துணியால் பலகையைத் துடைக்க வேண்டும், பட்டனின் நாலு ஓரத்தையும் நகத்தால் தட்டிவிட்டு அப்புறம் நெம்ப வேண்டும். பத்து தடவையில் ஏழு தடவை வழிக்கு வரும். மிச்ச மூன்று தடவைக்குக் கிண்ணங்களை வெளியே எடுத்துக் கையாலேயே கழுவி அடுக்குவார்கள். இன்றைக்கு எழுபத்தைந்தைத் தாண்டும்போதே பட்டன் 'டிக்' என்று தானாக வெளியே வந்துவிட்டது. தட்டக்கா அதை நம்பாமல் நூறு வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடச் சொன்னாள்.

அது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கேன்டீன். பாத்திரம் கழுவும் அறை தரைமட்டத்துக்குக் கீழே இருந்தது. நோயாளிகள், கூட வந்தவர்கள், டாக்டர்கள், நர்ஸ்கள் என்று மூன்று வேளையும் சாப்பிட்டு வைக்கிற தட்டெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். பத்தொன்பது வருஷமாக அவள் அந்த அறையில் இருந்தாள். யார் ஆரம்பித்து வைத்ததோ, தட்டக்கா என்ற பேர் ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியல் எழுதுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அவளுடைய சொந்தப் பேர் தெரியாது.

மிஷின் வந்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முந்திய பதின்மூன்று வருஷமும் வெந்நீர், சலவைச் சோடா, அவள் கை, அவ்வளவுதான். இப்போதும் பெரிய அண்டாக்கள் மிஷினுக்குள் நுழையாது. அவற்றுக்கு இன்றைக்கும் கைதான். ரப்பர் கையுறை ஒரு ஜோடி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சோதனைக்கு ஆள் வருகிற அன்று அதைப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். மற்ற நாளில் அதைத் தொட்டால், "கிழிஞ்சிடப் போவுது, மாட்டு" என்பார் சூப்பர்வைசர்.

சோடா அவள் விரல் நுனிகளைத் தின்றுவிட்டிருந்தது. அவை மழமழவென்று, உலர்ந்து, வெளுத்துப் போயிருந்தன. சூடு தெரியும், கொஞ்சம் தாமதமாகத் தெரியும். ஆனால் ஒன்றை லேசாகத் தொட்டோமா, நன்றாக அழுத்தினோமா என்பதெல்லாம் அந்த விரல்களுக்குத் தெரியாது. அதனால் பட்டனை அவள் காதால்தான் அழுத்துவாள். 'டிக்' சத்தம் கேட்கும் வரை விடமாட்டாள்.

"அது பட்டனா, எதிரி வீட்டுக் கதவா?" என்று சூப்பர்வைசர் கேட்பார். "நீ குத்துற குத்துலதான் அது செத்துக்கிட்டிருக்கு."

"ஒரு ஆள வரச் சொல்லிப் பாக்கச் சொல்லுங்கய்யா. தட்டு நேரத்துக்குப் போகலன்னா அதுக்கும் எங்களத்தான் சொல்றீங்க."

இப்படி அவள் கேட்டது ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. மூன்று மாதமும் விடாமல் கேட்டாள். வாயைத் திறந்து எதையும் கேட்டுப் பழகாதவள் இதை மட்டும் நச்சரித்துக் கேட்டதற்குக் காரணம் இருந்தது.

காரணம் நாலாவது மாடியில் இருந்தது. திங்களும் வியாழனும் அவளுடைய வீட்டுக்காரர் அங்கே வந்து படுப்பார். முதுகில் மூட்டை சுமந்தே காலம் கழித்த மனிதர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஒரு குழாய் வழியாக அவருடைய ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, இன்னொரு குழாய் வழியாகத் திருப்பி உள்ளே விட நாலு மணி நேரம் ஆகும். அவள் அங்கே வேலை செய்கிற வரைக்கும் அது இலவசம். அதற்கு ஒரு நீல அட்டை கொடுத்திருந்தார்கள். வேலை போனால் அட்டை போகும். அட்டை போனால் அந்தக் கட்டில் அவருக்கு இல்லை. அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தைரியம் வந்ததில்லை.

அவர் மட்டும் அதை வைத்தும் சிரிப்பு மூட்டுவார். "கீழ நீ தட்டக் கழுவுற, மேல என்னைக் கழுவுறாங்க. என் ஒருத்தனக் கழுவ அவங்களுக்கு நாலு மணி நேரமாவுது. நீ ஒரு மணி நேரத்துல ஆயிரம் தட்டு கழுவிடுற. பேசாம உன்னையே மேல அனுப்பச் சொல்லணும்."

"உங்களக் கழுவ சோடா பத்தாது. சும்மா படுங்க."

கடைசியில் ஒரு நாள் பட்டன் உள்ளே போய்விட்டுத் திரும்பவே இல்லை. நூறு என்ன, ஐந்நூறு எண்ணியும் வரவில்லை. மதியச் சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமானது. டாக்டர் ஒருவர் மேலே சத்தம் போட்டார். மறுநாளே மெக்கானிக் வந்து நின்றான்.

முப்பது வயதுக்குள் இருக்கும். பேச்சும் கையும் சுறுசுறுப்பானவன். பலகையின் திருகாணிகளைக் கழற்றி, உள்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் அவளுக்குக் காட்டினான். பட்டன்களைச் சுற்றிச் சுண்ணாம்புபோல வெள்ளையாக ஏதோ அப்பிக் கிடந்தது.

"பாத்தீங்களாக்கா? சோப்புத் தண்ணி ஆவியோட ஆவியா மேல ஏறி, உள்ள போய்க் காஞ்சு கெட்டியாயிருக்கு. அடியில இருக்கிற ஸ்பிரிங்கும் துருப்பிடிச்சிருக்கு. அப்புறம் எப்படி வெளிய வரும்?"

"நான் குத்திக் குத்தித்தான் கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்களே தம்பி?"

"குத்தினா உடையும்க்கா, சிக்காது. இது ஆவி பண்ண வேலை." அவன் அண்ணாந்து பார்த்தான். "ஆவிய வெளிய தள்ளுற அந்த விசிறி ஓடுதா?"

"அது ஓடி ரெண்டு வருஷமாச்சு."

அவன் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் கொஞ்ச நேரம் துடைத்துப் பார்த்தான். பட்டன் ஒரு தடவை வந்தது, மறு தடவை மாட்டிக்கொண்டது. பிரயோஜனமில்லை, பலகையையே மாற்ற வேண்டும், பழைய மாடல் இப்போது வருவதில்லை, புதிதில் பட்டனே கிடையாது, வெறும் கண்ணாடி, தொட்டால் போதும் என்றான். "இனிமே சிக்குற பேச்சே இல்ல" என்றான். அதைக் கேட்டுக் குட்டை கை தட்டினாள்.

அப்புறம் அவன் ஒரு படிவத்தை எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான். பாதியில் பேனா நின்றது.

"அக்கா, இதுல ரெண்டு கட்டம் இருக்கு. கோளாறுக்குக் காரணம் என்னன்னு போடணும். ஒண்ணு பராமரிப்புக் குறை. இன்னொண்ணு உபயோகிப்பவர் தவறு. உள்ளத உள்ளபடி போடணும்னா மொதக் கட்டத்துல போடணும். ஆனா அதப் போட்டா உங்க சூப்பர்வைசர் கையெழுத்துப் போட மாட்டாரு. விசிறிய ஏன் பாக்கலன்னு அவர மேல கேப்பாங்க. இழுத்தடிச்சு ஒரு மாசமாயிடும். ரெண்டாவதப் போட்டா மூணே நாள்ல பலகை வந்துடும். எல்லா எடத்துலயும் ரெண்டாவதுதான் போடுறது. யார் பேரும் வராது. ஃபைலுக்குள்ள போய்த் தூங்கும்."

உண்மையைச் சொல்லி, அவளிடம் கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தானே, அதுவே அவளுக்குப் பெரிதாகப் பட்டது. ஒரு மாதம் தினமும் மூவாயிரம் தட்டையும் கையால் கழுவி, நேரம் தவறி, திட்டு வாங்கி, வேலைக்கே வினை வருவதைவிட இது எவ்வளவோ மேல் என்றும் பட்டது.

"எதையாவது போட்டுக்க தம்பி. மூணு நாள்ல மிஷின் ஓடினாச் சரி."

அவன் இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தான். 'யாரால்' என்ற இடத்தில் 'பாத்திரம் கழுவும் ஊழியர்' என்று எழுதினான். சூப்பர்வைசர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சொன்னபடி மூன்றாம் நாள் புதுப் பலகை வந்தது. கறுப்புக் கண்ணாடி. அதற்குள்ளே பச்சையில் ஒரு முக்கோணம், பக்கத்திலேயே நீலத்தில் ஒரு சொட்டுப் படம். பச்சையைத் தொட்டால் கழுவும், நீலத்தைத் தொட்டால் தண்ணீரை வடித்துவிடும். மெக்கானிக் தொட்டுக் காட்டினான், எரிந்தது. சூப்பர்வைசர் தொட்டார், எரிந்தது. குட்டை விரல் நுனியால் பட்டும் படாமலும் தொட்டாள், அப்போதும் எரிந்தது. தட்டக்காவின் இரண்டு கையிலும் கிண்ணத் தட்டு இருந்ததால் அவளை யாரும் தொடச் சொல்லவில்லை.

"இப்ப வேலை பாதியாயிடுச்சில்ல?" என்றார் சூப்பர்வைசர். "ஒரு நேரத்துல ரெண்டு பேர் எதுக்கு? நாளைலேர்ந்து காலைல நீ, மத்தியானத்துக்கு மேல அவ."

மறுநாள் காலையில் அவள் தனியாக நின்றாள். முதல் வரிசைத் தட்டுகளை உள்ளே தள்ளி, மூடியை இறக்கி, பச்சை முக்கோணத்தில் ஆள்காட்டி விரலை வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. அழுத்தினாள். கண்ணாடி அப்படியே கிடந்தது. 'டிக்' சத்தத்துக்காகக் காது காத்திருந்தது, அதுவும் வரவில்லை. விரலைத் துடைத்துவிட்டு வைத்தாள். ஈரத்தோடு வைத்தாள். தண்ணீர்ச் சொட்டு பட்டதும் பலகை மூன்று தடவை கீச்சிட்டுவிட்டு மொத்தமாக அணைந்துபோனது, துடைத்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல் என்று பத்தையும் வைத்துப் பார்த்தாள். இடது சுண்டு விரல் ஒரே ஒரு தடவை எடுத்தது, பச்சை எரிந்தது. மறுபடி வைத்தால் எடுக்கவில்லை. அன்று காலை மிச்சத் தட்டு அத்தனையையும் அவள் கையால் கழுவினாள். யாருக்கும் தெரியாது.

மதியம் வந்த குட்டை முதலில் சிரித்தாள். "பத்தொம்பது வருஷமா இருக்கீங்க, மிஷினுக்கு உங்களத் தெரியலையாமே." தட்டக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். தன் கைப்பையிலிருந்து கிரீம் எடுத்துத் தடவிவிட்டாள். எடுத்தது. அடுத்த அண்டாவைக் கழுவியதும் கிரீம் போயிற்று, விரல் மறுபடி பழையபடியே ஆனது.

குட்டையின் போனிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள்.

"சில பேருக்கு எடுக்காதுக்கா" என்றான் அவன். "தோல் ரொம்பக் காஞ்சு தேஞ்சிருந்தா கண்ணாடிக்கு அது விரல்னே தெரியாது. செட்டிங்க கொஞ்சம் கூட்டி வச்சா எடுக்கும். பத்து நிமிஷ வேலைதான்."

"அப்ப ஒரு நட வந்து வச்சுக் குடுத்துட்டுப் போயேன்."

"நானா வந்தா எம்மேல கேள்வி வரும்க்கா. உங்க ஆபீஸ்லேர்ந்து எழுதிக் கேக்கணும்."

"என்னன்னு எழுதணும்?"

"ஊழியரோட விரல் எடுக்கலன்னு எழுதணும்."

அவள் போனைக் குட்டையிடம் கொடுத்துவிட்டாள். சூப்பர்வைசரிடம் போய் என் விரல் உதவாது என்று எந்த வாயால் சொல்வது? உதவாத விரலுக்கு இங்கே என்ன வேலை என்று அவர் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிஷ வேலைதான். அந்தப் பத்து நிமிஷத்தைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. நாலாவது மாடிக் கட்டில் கண்முன்னால் வந்து நின்றது.

வீட்டில் அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கத்தான் இடம். அங்கே நின்றுகொண்டு அவரிடம் சொன்னாள்.

"மூக்கால அழுத்து" என்றார்.

"உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு."

"வெளையாட்டில்ல. எங்கயாவது ஒரு எடத்துல தோலு நல்லா இருக்குமில்ல? நீ சோடால போடாத எடமாப் பாரு."

மறுநாள் அவள் கதவைப் பார்த்துவிட்டு, குனிந்து மூக்கை வைத்தாள். எடுத்தது. தனியாக நின்று கொஞ்ச நேரம் சிரித்தாள். ஆனால் ஆவிக்கு நேரே முகத்தைக் கொண்டுபோக முடியவில்லை. பிறகு மணிக்கட்டின் உள்பக்கத்தை வைத்துப் பார்த்தாள். நரம்பு ஓடுகிற இடம், தோல் அங்கே இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. தொட்டதும் பச்சை எரிந்தது. அதிலிருந்து உள்ளங்கையைப் பின்னால் மடக்கி, மணிக்கட்டைக் கவனமாக முக்கோணத்தின் இடது ஓரத்தில் வைக்கப் பழகிக்கொண்டாள். வலது பக்கம் தவறினால் நீலச் சொட்டு. பன்னிரண்டு நாள் தவறவில்லை.

பதின்மூன்றாம் நாள் வியாழன். அவர் நாலாவது மாடியில் இருந்தார். காலையில் எழுந்தபோதே கால் வீங்கியிருந்தது, முகமும் ஊதியிருந்தது. அவள் மனசு அங்கேதான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து, கப் எங்கே, கப் எங்கே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது வரிசைக்கு மணிக்கட்டை வைத்தபோது பச்சையும் நீலமும் சேர்ந்து எரிந்ததை அவள் பார்க்கவில்லை. அண்டாப் பக்கம் திரும்பிவிட்டாள். கப்புகள் மேல் சோப்பு விழுந்தது, அலசுகிற தண்ணீரெல்லாம் வடிந்து ஓடிவிட்டது. விளக்கு அணைந்ததும் எடுத்துத் துடைக்காமல் அப்படியே ஜன்னலில் வைத்தாள்.

அரை மணி நேரத்தில் சூப்பர்வைசர் கையில் ஒரு கப்போடு படியிறங்கி வந்தார். கப்பின் அடியில் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. அவர் வாசலுக்கு வந்த நேரம் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, கையை மடக்கி மணிக்கட்டைக் கண்ணாடிமேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"போடுறேன்யா."

"அதுக்கு ஏன் கையால இடிக்கிற? பழைய பட்டனையும் இப்படித்தான் இடிச்சியா?"

"இடிக்கலைங்கய்யா. விரல் எடுக்க மாட்டேங்குது. அதான்."

"வச்சுக் காட்டு."

அவள் ஆள்காட்டி விரலை வைத்தாள். பிறகு ஒவ்வொரு விரலாக, வலது கை முடிந்து இடது கை. இடது சுண்டு விரலாவது ஒரு தடவை எடுத்துவிடாதா என்று வேண்டிக்கொண்டே வைத்தாள். எடுக்கவில்லை. அவர் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தன் விரலை வைத்தார். பச்சை எரிந்தது.

"எனக்கு எடுக்குதே" என்றார்.

மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். குமாஸ்தாவின் மேஜைமேல் அந்தப் படிவம் இருந்தது. ஃபைலில் தூங்கப் போகிறது என்று சொன்னானே, அதேதான். அதோடு சேர்த்து சூப்பர்வைசர் எழுதிக்கொடுத்த ஒரு தாளும் இருந்தது. குமாஸ்தா வாசித்துக் காட்டினார். ஒரு பலகை ஏற்கெனவே ஊழியரின் தவறான உபயோகத்தால் பழுதடைந்தது. புதிய பலகையையும் அதேபோல் உபயோகித்தது நேரில் காணப்பட்டது. கழுவப்படாத கப்புகள் வார்டுக்குப் போயின.

"அது ஆவியால கெட்டுப்போனதுங்க" என்றாள். "விசிறி ஓடல. மெக்கானிக் தம்பிதான் சொன்னான்."

"அவன் கைப்பட எழுதினதுதான் இது. இதுல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா."

"சீக்கிரம் வரணும்னு அப்படிப் போட்டோம்."

"போட்டோம்னா? உன்னக் கேட்டுத்தான் போட்டானா?"

அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். பொய் சொல்ல வரவில்லை. குமாஸ்தா கெட்டவர் அல்ல. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"இன்னிக்குத் தேதியோட கணக்கு முடிக்கச் சொல்லியிருக்காங்க. நான் ஒண்ணும் பண்றதுக்கில்லை. அட்டையக் குடுத்துடு."

"திங்கக்கிழமை அவருக்கு முறை இருக்குங்க. அது ஒண்ணு மட்டும் முடிஞ்சதும் நானே கொண்டாந்து குடுத்துடுறேன். கால் வீங்கியிருக்கு. அவரால தாங்க முடியாதுங்க."

"அட்டை கையில இருந்தாலும் மேல எடுக்க மாட்டாங்கம்மா. பேரு காலைலயே எடுத்தாச்சு."

அவள் ரவிக்கைக்குள்ளிருந்து சின்னப் பையை எடுத்துப் பிரித்தாள். அட்டையைத் துணியால் ஒரு தடவை துடைத்து மேஜைமேல் வைத்தாள். அதன் பின்பக்கத்தில் திங்கட்கிழமைத் தேதி நர்ஸ் கையெழுத்தில் இருந்தது. குமாஸ்தா அதை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, ஒரு தாளையும் மைப்பெட்டியையும் அவள் பக்கம் நகர்த்தினார். தானாகவே வேலையை விட்டுப் போவதாக அதில் எழுதியிருந்தது.

"இடது பெருவிரல வை. ரேகை நல்லா விழணும்."

அவள் பெருவிரலை மையில் தொட்டுத் தாளில் வைத்து எடுத்தாள். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. குமாஸ்தா தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கோடே விழலையே" என்றார். மறுபடி வைக்கச் சொன்னார். இந்தத் தடவை மையைக் குறைத்து வைத்தாள். அதே வட்டம்தான். அவரே எழுந்து வந்து, அவள் விரலைப் பிடித்து, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மெதுவாக உருட்டி வைத்தார். மூன்று வட்டங்களிலும் ஒரு கோடுகூட இல்லை, வழவழவென்று மை மட்டும் இருந்தது.

"ரேகை இல்லாம எப்படிங்க?" என்று அவள் கேட்டாள். அதைச் சாக்காக வைத்து இன்னும் ஒரு நாள் கிடைத்துவிடாதா என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

குமாஸ்தா தாளை ஊதி மையைக் காயவைத்தார்.

"சேக்கும்போதுதான்மா ரேகை தெளிவா வேணும். அனுப்புறதுக்கு இது போதும்" என்று சொல்லி, மூன்று வட்டங்களின் மேலேயும் முத்திரையைக் குத்தினார்.